சிஆர்எம் வாங்கியாச்சு, முதலாளி அதைத் திறக்கிறாரா?

கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தத் துணிக்கடை. வாடிக்கையாளர் விபரங்களைப் பதிய சிஆர்எம் மென்பொருள் போட்டு, கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். முதலாளி மட்டும் வழமைபோல, "தம்பி, யாழ்ப்பாணத்து ஓடர் என்னாச்சு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பார். பதிலும் அங்கேயே போகும். அப்புறம் யார் சிஆர்எம்மில் பதிவார்கள்? பழையபடி கொப்பிதான்.

அதனால் முதலாளிமாருக்கும் மனேஜர்மாருக்கும் என் குறிப்பு இது: திங்கட்கிழமைக் கூட்டத்தில் சிஆர்எம் திரையைத் திறந்து வைத்து, அதில் இருப்பதை மட்டும் வைத்துப் பேசுங்கள். "சாரத்தில் சாயம் போகுது" என்று போன கிழமை வந்த முறைப்பாடு அங்கே இல்லையென்றால், ஏசாமல், அப்போதே பதியச் சொல்லுங்கள். உங்களுக்கு வரும் அழைப்பை நீங்களே பதியுங்கள். பிள்ளைகள் பார்ப்பது அதைத்தான்.

நிரப்ப வேண்டிய கட்டங்களையும் குறையுங்கள். பெயர், தொலைபேசி, கடைசியாகப் பேசியது, அடுத்து எப்போது பேசுவது. தொடங்க இது போதும். 3 பேர் வரை என்றால் சோஹோ நிறுவனத்தின் சிஆர்எம் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே பழகிப் பார்க்கலாம்.

இன்னொன்று, யார் எந்த விபரத்தைப் பார்க்கலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே மூடிவிடுங்கள்.