ஆர்என்ஏஸ் டி1: ஆய்வகத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஆர்என்ஏவை வெட்டும் நொதி என்றாலே பலருக்கும் மாட்டுக் கணையத்து ஆர்என்ஏஸ் ஏதான் நினைவுக்கு வருகிறது. டி1 கைக்கு வந்தாலும் அதே பழக்கத்தில் கையாளுகிறார்கள். முக்கால்வாசிச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. டி1 பூஞ்சையின் நொதி. மிசோவும் சாக்கேவும் தயாரிக்க உதவும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயுடையது. அந்தப் பூஞ்சையிலிருந்து எடுத்த டாக்கா-டயஸ்டேஸ் என்ற செரிமான மருந்துக்குள் இது இருப்பதை சாட்டோவும் எகாமியும் 1957-ல் கண்டறிந்தார்கள். 104 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். ஒற்றை இழை ஆர்என்ஏவில், அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானோசினுக்கு அடுத்துத்தான் வெட்டும். இப்போது இதன் மரபணுவை ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் ஏற்றி, மறுசேர்க்கை முறையில் தயாரிக்கிறார்கள்.

முதலில், வெட்டை நிறுத்துவதில் நடக்கும் தவறு. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆர்என்ஏஸ் தடுப்புப் புரதம் என்று விற்கிறார்களே, அதை ஊற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். அது ஆர்என்ஏஸ் ஏ வகையை இறுக்கிப் பிடிக்கும். டி1-ஐத் தொடவே தொடாது. சரி, உலோக அயனிகளைப் பிடித்து வைக்கும் ஈடிடிஏ போடலாமா? இந்த நொதிக்கு உலோக அயனியே தேவையில்லை, அதனால் அதிலும் பயனில்லை. சூடாக்கினால்? புரதம் அவிழும், உண்மைதான். ஆனால் டியூப் ஆறியதும் பழைய வடிவத்துக்கே மடிந்து திரும்ப வேலையைத் தொடங்கிவிடும். இப்படி அவிழ்ந்து மடியும் குணத்துக்காகவே புரத மடிப்பை ஆராய்பவர்கள் இதைப் பல ஆண்டுகளாக மாதிரியாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆர்என்ஏ மாதிரி முக்கியமானது என்றால், புரதங்களை வெட்டும் புரோட்டினேஸ் கே-யால் நொதியைச் சிதைத்துவிட்டு, ஃபீனால்-குளோரோஃபார்ம் வைத்துப் பிரித்தெடுங்கள். இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

அளவு விஷயத்தில் 'கொஞ்சம் அதிகமாகவே போடுவோம்' என்ற எண்ணம் வேண்டாம். நொதி மிதமிஞ்சினால், நேரமும் நீண்டால், குவானோசின் அல்லாத இடங்களிலும் வெட்டு விழத் தொடங்கும். ஒரு நிறுவனத்தின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமல்ல. அளக்கும் முறையே வேறுபடும். அதனால் புது பாட்டில் வாங்கினால் நீர்த்தல் வரிசை ஒன்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உண்மையான மாதிரியைத் தொட வேண்டும்.

ஆர்என்ஏவின் மடிப்பையும் மறந்துவிடுகிறோம். இரட்டை இழையாக மடிந்திருக்கும் பகுதியில் இருக்கும் குவானோசின் இதன் கண்ணில் படாது. முழுதாக வெட்ட வேண்டுமென்றால் யூரியா சேர்த்தோ சூடாக்கியோ முதலில் மடிப்பைப் பிரியுங்கள். மடிப்பை வைத்தே விளையாடவும் முடியும். ராபர்ட் ஹோலியின் குழு ஈஸ்ட்டின் அலனின் டிஆர்என்ஏவை (அலனின் அமினோ அமிலத்தைச் சுமக்கும் சின்ன ஆர்என்ஏ) 0 டிகிரியில், கொஞ்ச நேரம் மட்டும் டி1-உடன் வைத்து இரண்டு பெரிய துண்டுகளாக உடைத்தது. 1965-ல் வெளிவந்த அந்த டிஆர்என்ஏவின் முழு எழுத்து வரிசையைக் கண்டறிய இந்தத் துண்டுகள் பெரிய துணை. எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்தவர்களுக்குக் கிடைத்த பலன் அது.

நீங்களே ஈ.கோலையில் தயாரிப்பதாக இருந்தால் வேறு பள்ளங்கள் இருக்கின்றன. பூஞ்சையின் மரபணுவை அப்படியே ஏற்றாதீர்கள். இன்ட்ரான் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைத் துண்டு) இருந்தால் பாக்டீரியாவால் அதை நீக்க முடியாது. சிடிஎன்ஏ (இன்ட்ரான் நீங்கிய ஆர்என்ஏவிலிருந்து எடுத்த டிஎன்ஏ நகல்) அல்லது செயற்கையாகத் தொகுத்த மரபணுதான் வழி. அடுத்து, செல்லின் உட்பகுதியான சைட்டோபிளாசத்தில் நொதியைக் குவிக்க நினைப்பது. அது அந்த செல்லின் ஆர்என்ஏவையே தின்னும். தவிர, இதன் இரண்டு டைசல்ஃபைடு (கந்தகம்-கந்தகம்) பிணைப்புகள் அங்கே சரியாக உருவாகாது. அதனால்தான் வழிகாட்டும் சிக்னல் பெப்டைடு சேர்த்து, இரண்டு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பெரிபிளாசத்துக்கு அனுப்புகிறார்கள். சுத்திகரிப்பு பஃபரில் பழக்கதோஷத்தில் டிடிடி என்ற ஒடுக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால் அந்தப் பிணைப்புகளுக்கும் ஆபத்து.

பெரிபிளாசத்தில் இன்னொரு சிக்கல், பலர் கவனிக்காதது. ஈ.கோலையின் சொந்த ஆர்என்ஏஸ் ஒன்றும் அங்கேதான் குடியிருக்கிறது. அது எந்த எழுத்து என்று பார்க்காமல் வெட்டும். அதில் துளி கலந்தாலும் உங்கள் 'குவானோசினை மட்டும்' வெட்டும் நொதி ஜெல்லில் கண்டபடி துண்டுகளைக் காட்டும். சோதிப்பது எளிது: குவானோசினே இல்லாத, ஒரே எழுத்தால் ஆன பாலி ஏ, பாலி யு ஆர்என்ஏ இரண்டையும் தனித்தனியாக நொதியுடன் வையுங்கள். இரண்டும் அப்படியே இருந்தால் சரி. சிதைந்தால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். நான் பார்த்தவரை பலரும் புரதத்தின் பட்டையை ஜெல்லில் பார்த்ததோடு நின்றுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு கலப்பே போதும், சோதனை கெட.

கடைசியாக, துண்டுகளின் நுனி. ஆர்என்ஏ இழையின் இரு நுனிகளை 5', 3' என்பார்கள். டி1 வெட்டிய இடத்தில் 3' முனையில் பாஸ்பேட் நிற்கும்; பாதியில் நிறுத்தினால் வளைய பாஸ்பேட்டும் கலந்திருக்கும். 5' முனையில் வெறும் ஹைட்ராக்சில்தான். இதை மறந்து, துண்டுகளை ஒட்டும் நொதியான லைகேஸை அப்படியே போட்டால் ஒன்றும் ஒட்டாது. அப்புறம் லைகேஸைக் குறை சொல்வோம். டி4 பாலிநியூக்ளியோடைடு கைனேஸ் 3' பாஸ்பேட்டை நீக்கிவிடும், ஏடிபி இருந்தால் 5' முனையில் பாஸ்பேட்டும் சேர்க்கும். நிறை நிறமாலையில் எடை பார்ப்பவர்கள் இரண்டு வகை 3' முனையையும் கணக்கில் எடுங்கள். இடைவெளி 18 டால்டன், ஒரு நீர் மூலக்கூறின் எடை.