மோட்டார் காக்கும் பெட்டி செய்திருக்கிறீர்களா? காப்புரிமைக்கு இப்படிப் போங்கள்

பெட்டி வேலை செய்த சந்தோஷத்தில் முதல் காரியமாக வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போட்டுவிடாதீர்கள். மேலூர் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு எலக்ட்ரீசியன், கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற சர்க்யூட் ஒன்றை இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தார், நன்றாகவே செய்தார். ஒரு கண்காட்சியில் மூடியைத் திறந்து வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார், யூடியூபிலும் போட்டார், அதற்குப் பிறகுதான் விண்ணப்பித்தார். காப்புரிமை அலுவலகத்தில் அவருடைய வீடியோவையே எடுத்து வைத்து, இது ஏற்கெனவே வெளியானது என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி அது சரிதான், ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால் விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை காட்டவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். தோட்டத்தில் மாட்டிச் சோதிக்காமல் எப்படி என்று கேட்பீர்கள். களத்தில் ஓட்டிப் பார்த்தே ஆகவேண்டிய கருவி என்றால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் நியாயமான அளவில் சோதிக்க காப்புரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. நம்பிக்கையான ஒருவர் தோட்டத்தில் மாட்டுங்கள், விஷயத்தை வெளியே சொல்வதில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், தேதி போட்டு ஒரு நோட்டில் தினமும் குறித்து வையுங்கள். காசு வாங்கிக்கொண்டு நாலு பேருக்கு மாட்டினால் அது சோதனை ஆகாது.

அடுத்தது, உங்கள் பெட்டியில் எது புதுசு என்று கண்டுபிடிப்பது. பலரும் சறுக்குகிற இடம் இதுதான். 'தண்ணீர் இல்லை என்றால் மோட்டார் நிற்கும்' என்பது புதுசு இல்லை, பல வருடமாகக் கடையில் கிடைக்கிறது. எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயம். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது லோடு குறைந்து ஆம்பியர் குறையும், ஆனால் சும்மா சுற்றினாலும் இண்டக்‌ஷன் மோட்டார் காந்தப்புலத்துக்காக நல்ல அளவு கரண்ட் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். கிராமத்து லைனில் வோல்டேஜ் வேறு சாயங்காலம் ஒன்று, நடுராத்திரி ஒன்று. ஆம்பியரை மட்டும் நம்பினால் தண்ணீர் இருக்கும்போதே நின்றுவிடும், அல்லது நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் ஓடி மோட்டாரின் காயில் எரிந்துவிடும். வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தைப் பார்த்தால் தெளிவாகத் தெரியும், ஆனால் அதுவும் தெரிந்த முறையே. உசிலம்பட்டிப் பக்கத்து போர்வெல்லில் தண்ணீர் கொஞ்ச நேரம் வரும், நின்றுவிடும், மறுபடி ஊறும். போன தடவை எத்தனை நிமிடம் ஓடியது என்பதை வைத்து, ஊற்று ஊறுவதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று உங்கள் பெட்டி தானே கணக்குப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு குறிப்பான வழி இருந்தால், தேட வேண்டியது அதைத்தான்.

தேடுவதற்குச் செலவு இல்லை. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளம் இருக்கிறது, கூகுள் பேட்டன்ட்ஸ் இருக்கிறது. வார்த்தையை மட்டும் போட்டுத் தேடாதீர்கள், வகைப்பாட்டு எண்ணையும் (ஒவ்வொரு துறைக்கும் கொடுத்திருக்கும் குறியீடு) போடுங்கள்: மோட்டார் பாதுகாப்பு சர்க்யூட்டுக்கு எச்02எச் 7/08, ஃபேஸ் போவது, வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு எச்02எச் 7/09 (தேடும்போது எச் என்ற எழுத்தை ஆங்கிலத்தில் அடியுங்கள்). ஒரு வாரமாவது உட்கார்ந்து படியுங்கள். உங்கள் யோசனை ஏற்கெனவே அங்கே கிடந்தால் இப்போதே தெரிவது நல்லது, பணம் கட்டிய பிறகு தெரிந்தால் வலிக்கும்.

காப்புரிமைச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை மனதில் வையுங்கள். 3(எஃப்): மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது) ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் போர்டும் (செல்போனில் மோட்டாரைப் போடுவது) வாங்கி ஒரே டப்பாவில் அடைத்தால், இரண்டும் தனித்தனியாக முன்பு செய்த வேலையையே செய்கிறது என்றால் அது கண்டுபிடிப்பு அல்ல. 3(கே): வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் காப்புரிமை கிடையாது. புதுமை எல்லாம் புரோகிராமில்தான் என்றாலும், சென்சார் எதை அளக்கிறது, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எப்போது விழுகிறது, மோட்டாருக்கு என்ன நடக்கிறது என்று கருவியோடு சேர்த்தே எழுதுங்கள்.

சரி, விண்ணப்பம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சென்னை கிண்டி அலுவலகம், ஆனால் பஸ் ஏற வேண்டாம், ஆன்லைனில் போடலாம், டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். முதலில் தற்காலிக விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விளக்கும் முதல்கட்ட ஆவணம்) போடுங்கள், தனிநபருக்குக் கட்டணம் 1600 ரூபாய். அன்றைய தேதிதான் உங்களுக்கு முன்னுரிமைத் தேதி, அதாவது யார் முந்தி என்று பார்க்கும் தேதி. அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போடவில்லை என்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தற்காலிகம்தானே என்று அரைப் பக்கத்தில் முடித்துவிடாதீர்கள், சர்க்யூட் படம் முதற்கொண்டு எழுதுங்கள், அதில் இல்லாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது.

ரிலே எங்கே சேருகிறது என்பதையும் அதில் எழுதுங்கள். ஸ்டார்ட்டரின் நோ வோல்ட் காயிலோடு (கரண்ட் போனால் ஸ்டார்ட்டரை விடுவிக்கும் காயில்) சீரிஸில் சேர்த்து, உங்கள் பெட்டிக்குக் கரண்ட் போனாலோ போர்டு செத்தாலோ மோட்டார் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். காப்பாற்ற வந்த பெட்டி கெட்டுப்போய் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் அது பாதுகாப்புக் கருவியே இல்லை. காப்புரிமை ஆய்வாளர் இதைச் சோதிக்க மாட்டார், அவர் பார்ப்பது முக்கியமாகப் புதுமையை. பாதுகாப்பு உங்கள் பொறுப்பு.

முழு விவரக்குறிப்பில், எதற்கெல்லாம் உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் உரிமைக்கோரிக்கைகள் என்ற பகுதி வரும், செலவு செய்ய வேண்டிய இடம் அதுதான். காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தருகிற ஒரு பேட்டன்ட் ஏஜென்ட்டைப் பிடியுங்கள். நீங்களாக எழுதினால் இன்ன கம்பெனி சிப் என்று எழுதிவிடுவீர்கள், அடுத்தவர் வேறு சிப் போட்டுத் தப்பித்துக்கொள்வார். 30 பக்கம், 10 கோரிக்கை தாண்டினால் கூடுதல் கட்டணம். காசு இல்லை என்றால் மதுரையில் இருக்கும் சேவா அமைப்பையோ, குஜராத்தில் இருக்கும் நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷனையோ கேட்டுப் பாருங்கள். படிப்பு, பட்டம் இல்லாத கண்டுபிடிப்பாளர்களுக்கு உதவுவதே அவர்கள் வேலை.

விண்ணப்பம் போட்டதும் தானாகப் பரிசோதிப்பார்கள் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். படிவம் 18 போட்டுக் கேட்க வேண்டும், தனிநபருக்கு 4000 ரூபாய், முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள். விண்ணப்பதாரர் பெண் என்றால் படிவம் 18ஏ போட்டு விரைவுப் பரிசோதனை கேட்கலாம், கட்டணம் கூடுதல். ஆட்சேபனைக் கடிதம் கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பயப்பட வேண்டாம், பதில் சொல்ல 6 மாதம் இருக்கிறது. கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம், மூன்றாவது வருடத்திலிருந்து வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம், ஆரம்பத்தில் 800 ரூபாய். கட்ட மறந்தால் உரிமை போய்விடும்.

அப்புறம், பெட்டி மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர். உரிமை கிடைக்கும்வரை 'காப்புரிமை பெற்றது' என்று அச்சடிக்காதீர்கள், பொய்யாகப் போட்டால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்று போட்டு, கீழே விண்ணப்ப எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.