ஓபிடி போர்ட்டில் ஸ்கேனர் பேச மறுக்கிறதா? மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

என் கார் 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக். போன மாதம் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில், அதாவது வண்டியின் கோளாறுகளைப் படிப்பதற்கான 16 பின் சாக்கெட்டில், ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "வண்டி பேசவே மாட்டேங்குது சார், ஈசியூ போயிருக்கும்" என்றார்கள். ஈசியூ, அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர், செத்த வண்டி எப்படி ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பி வீடு வரைக்கும் வரும்? போர்ட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அது சரிதான். ஆனால் அரிசி அளவுத் தகரத்தில் இருந்த அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

என்னென்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர், ஒயர் இணைத்த 12 வோல்ட் 5 வாட் பார்க்கிங் பல்பு, ஒரு மெல்லிய தையல் ஊசி, ஒரு ஓபிடி எக்ஸ்டென்ஷன் கேபிள். மீட்டர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண ரகமே போதும். கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவானவற்றில் 16 பின்களுக்கும் ஒயர் இருக்காது. வாங்கியதும் மீட்டரை பீப் ஒலியில் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள்.

முதலில் ஸ்கேனரைச் சந்தேகப்படுங்கள்

பக்கத்து வீட்டுக் காரில் செருகிப் பாருங்கள். இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 உண்டு என்பதால் சோதிக்க வண்டி கிடைப்பது கஷ்டமில்லை. அங்கேயும் பேசவில்லை என்றால் ஸ்கேனரை மாற்றுங்கள். ஈஎல்எம்327 என்ற சிப்பின் பெயரில் வரும் புளூடூத் டப்பாக்களில் "வெர்ஷன் 1.5" என்று அச்சிட்டதைப் பார்த்தால் நான் வாங்கமாட்டேன். அந்த சிப்பை உருவாக்கிய நிறுவனம் 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை.

ஃபியூஸ்

ஸ்கேனரில் விளக்கே எரியவில்லையா? பல கார்களில் போர்ட்டுக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ். சாக்கெட்டில் போன் சார்ஜ் ஏறுகிறதா பாருங்கள். ஏறவில்லை என்றால் பெரும்பாலும் ஃபியூஸ்தான். சாக்கெட்டுக்குள் சில்லறைக் காசு விழுந்து ஷார்ட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் புது ஃபியூசும் போய்விடும். 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 15 தான். "20 போட்டா தாங்கும்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், தாங்காமல் எரியப்போவது ஒயர்.

பின் எண்கள்

போர்ட் ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் குறுகலாக இருக்கும். அகலமான பக்கம் மேலே இருக்கும்படி நேராகப் பார்த்தால் மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசையில் 9 முதல் 16. சில வண்டிகளில் போர்ட்டைத் தலைகீழாகப் பொருத்தியிருப்பார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்க்கையில் குழம்பிவிடும். ஒரு போட்டோ எடுத்து, அதில் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 16இல் எப்போதும் பேட்டரி பிளஸ். 4, 5 எர்த். 6, 14 கேன் ஒயர்கள், ஸ்கேனரும் ஈசியூவும் பேசிக்கொள்வது இவற்றில்தான். 7 கே-லைன், பழைய வண்டிகளில் அதே வேலைக்கு. மற்றவை இப்போதைக்கு வேண்டாம்.

அந்தப் பகுதியில் மஞ்சள் கனெக்டரோ மஞ்சள் உறை போட்ட ஒயரோ இருந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேக்.

நான் சறுக்கிய இடம்

முதல் ஞாயிறு. மீட்டரின் தடித்த முனையை 16க்குள் அழுத்தினேன், கறுப்பை 4இல் வைத்தேன். 12.5 வோல்ட். 5இல் வைத்தாலும் அதே. பவர் பிரமாதம் என்று எழுந்துவிட்டேன். இரண்டாம் ஞாயிறு வேறொரு ஸ்கேனரைக் கடன் வாங்கிப் பார்த்தேன், அதுவும் பேசவில்லை. பட்டறைக்காரர்கள் சொன்னதுதான் சரியோ என்ற பயம் வந்தது. மூன்றாம் ஞாயிறு, செருகியிருந்த ஸ்கேனரில் தற்செயலாகக் கை பட்டபோது அதன் விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. அப்போதுதான் விஷயம் புரிந்தது.

மீட்டர் இழுக்கும் கரண்ட் கொசு குடிக்கும் ரத்தம் அளவுதான். ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். இன்னொன்று, நான் அழுத்திய தடித்த முனை டெர்மினலின் (போர்ட்டின் ஒவ்வொரு துளைக்குள்ளும் இருக்கும் தகரக் கவ்வி) சுவரை எப்படியும் தொட்டுவிடும். ஸ்கேனரின் பின் மெல்லியது, தட்டையானது. டெர்மினல் வாய் அகன்றிருந்தால் அது உள்ளே போய் எதையும் தொடாமல் சும்மா நிற்கும். எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் இரண்டு வருடம் ஒரு கனமான ஜிபிஎஸ் டிராக்கரை அதில் தொங்கவிட்டிருந்தார். கொஞ்சம் அகன்றிருந்த வாயை என் மீட்டர் முனை இன்னும் அகட்டிவிட்டது! பட்டறையின் ஸ்கேனர் சொந்த பேட்டரி உள்ள டேப்லெட் ரகம். திரை எரிந்ததால் பவர் வருகிறது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

ஆகவே இப்படிச் சோதியுங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிளை போர்ட்டில் செருகுங்கள். கேபிளின் மறுமுனையில் 16க்கும் 4க்கும் நடுவே பல்பை இணையுங்கள். முழு வெளிச்சமாக எரிய வேண்டும். எரியும்போதே செருகிய இடத்தை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். எனக்கு 5 மில்லிமீட்டர் அசைத்ததும் அணைந்துபோனது. பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, ஊசியை டெர்மினலில் பட்டும் படாமலும் வைத்து, பல்பை நேராகப் போர்ட்டிலேயே எரியவிடுங்கள். ஊசி பக்கத்து டெர்மினலில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நன்றாக எரிந்து கேபிள் வழியாக மட்டும் மங்கினால் டெர்மினல் வாய் அகன்றிருக்கிறது. இரண்டிலும் மங்கினால் கோளாறு பின்னால், ஒயரிலோ எர்த்திலோ. கேபிள் வழியாகச் சோதிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: முனையைக் குத்திக் குத்திக் கெடுவது கேபிள்தான், காரின் போர்ட் இல்லை.

சரிசெய்வது

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். போர்ட் இரண்டு கிளிப்பிலோ இரண்டு ஸ்குரூவிலோ நிற்கும். அதை வெளியே இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். ஏதாவது டெர்மினல் மற்றவற்றைவிடப் பின்னுக்கு வந்திருந்தால், 'டிக்' சத்தம் வரும்வரை உள்ளே தள்ளுங்கள். வாய் அகன்றிருந்தால் ஊசி நுனியால் அதன் உதட்டை ஒரு இழை உள்ளே வளையுங்கள். அதிகமாக வளைத்தால் ஒடிந்துவிடும், என் 5ஆம் பின் அப்படித்தான் போனது. பச்சை பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள், துருவுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்பிரே வேண்டாம்.

ஒடிந்துவிட்டால் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அரை அடி ஒயரோடு பழைய போர்ட் கிடைக்கும். ஒவ்வொரு ஒயராக வெட்டி இணையுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டிவிட்டு நிறத்தை வைத்துத் தேடாதீர்கள். 6, 14 இரண்டும் முறுக்கிக்கொண்டு வரும், அந்த முறுக்கு அப்படியே இருக்கட்டும்.

பவர் சரி, ஆனாலும் பேசவில்லை என்றால்

பேட்டரி நெகட்டிவ் கழன்ற நிலையில் சில நிமிடம் காத்திருந்து, 6க்கும் 14க்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள். சுமார் 60 வர வேண்டும். கேன் லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கிறது, இணையாக (பேரலல்) இருப்பதால் சேர்ந்து 60. 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கேட்வே (போர்ட்டுக்கும் கேன் லைனுக்கும் நடுவே நிற்கும் கம்ப்யூட்டர்) உள்ள புது வண்டிகளில் இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம், அதை வைத்து ஈசியூவைக் குறை சொல்லிவிடாதீர்கள். இதற்கு மேல் நல்ல எலக்ட்ரீஷியனிடம் போவதுதான் சரி.

பின்சேர்க்கை 1: "விளக்கு எரியுது, ஆனா கனெக்ட் ஆகலை" என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். மூவரும் சாவியைப் போடவே இல்லை. 16இல் சாவி இல்லாமலும் கரண்ட் இருக்கும், ஆனால் ஈசியூ தூங்கிக்கொண்டிருக்கும். இக்னிஷன் ஆன் செய்யுங்கள். பட்டன் வண்டியில் பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதிக்காமல் பட்டனை அழுத்துங்கள், பெரும்பாலானவற்றில் இரண்டு தடவை. எனக்கு இது சொல்லத் தோன்றாத விஷயம், மன்னிக்கவும்.

பின்சேர்க்கை 2: ஐபோன்காரர்களுக்கு. பழைய ரக புளூடூத் டப்பா ஐபோனில் ஒட்டாது. வைஃபை ரகமோ புளூடூத் எல்இ ரகமோ வாங்குங்கள். வைஃபை என்றால் ஆப்பில் 192.168.0.10, போர்ட் 35000 என்று போட வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை 3: ஒரு வாசகரின் வண்டியில் ரிமோட் லாக் பொருத்தியவர் 16ஆம் ஒயரின் தோலை உரித்து, அதிலிருந்தே பவர் எடுத்து, வெறும் டேப்பைச் சுற்றிவிட்டிருந்தார். வெயிலில் டேப் இளகி, இணைப்பு கழன்றிருக்கிறது. வெளியில் ஏதாவது பொருத்திய வண்டி என்றால் ஃபியூஸ் பார்த்த கையோடு போர்ட்டின் பின்னால் டேப் சுற்றிய இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.