கப்பல் பயணத்துக்குக் கோட் தைக்காதீர்கள்

பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உடுப்புக் கேள்வி மட்டும் கல்லடியில் இருக்கிற என்னிடம் வந்துசேர்கிறது. உல்லாசக் கப்பல்களின் உணவு மண்டபத்தில் வேலை செய்தவன் என்று ஊரில் ஒரு பெயர். 2023இல் சென்னையிலிருந்து எம்பிரஸ் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்துபோன படங்கள் கைபேசிகளில் சுற்றிய பிறகு கேட்க வருபவர்கள் கூடிவிட்டார்கள். கேட்டுவிட்டுப் போய், சொன்னதற்கு நேர்மாறாகச் செய்பவர்களும் கூடிவிட்டார்கள். புதிதாகக் கப்பலேறிய காலத்தில் நாங்கள் ஆடிய அதே கூத்துகள்தான். ஆட்கள் மட்டும் வேறு.

வெயில் கிரீம், கறுப்புக் கண்ணாடி, மாற்று உள்ளுடுப்பு பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அது அவரவர் புத்திக்கு.

கோட் சூட் தைப்பது

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஓர் ஓய்வுபெற்ற அதிபர். மகள் லண்டனில். சவுத்ஹாம்ப்டனிலிருந்து புறப்படும் கப்பலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனக்கும் ஒரு வாரப் பயணம் ஒழுங்கு செய்திருந்தாள். அதில் இரண்டு இரவுகள் விசேட உடுப்பு இரவுகள் என்று பயணக் குறிப்பில் இருந்தது. அதிபர் அதைப் படித்த கையோடு கல்முனைக்குப் பஸ் ஏறினார். கறுப்புக் கம்பளித் துணி, வழுவழுப்பான உட்துணி, உள்ளே போட ஒரு வெயிஸ்ற்கோட். துணியும் கூலியுமாக 60,000 ரூபாயைத் தாண்டியது. என்னிடம் அவர் வந்தது அளவு கொடுத்து முடித்த பிறகு.

“மகளின் கலியாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டி இருக்கிறதே சேர்?” என்றேன்.

“நல்ல கதை! வெள்ளைக்காரருக்கு நடுவில் என்னை வேட்டியோடு நிற்கச் சொல்கிறீரா?”

அவரைக்கூட மன்னித்துவிடலாம். அம்மாவுக்கு நடந்ததுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஓர் அலுமாரி நிறையப் பட்டுச் சேலை வைத்திருக்கும் மனுஷி அவர். “அங்கே எல்லாரும் கவுண்தான் போடுவார்கள், சேலையெல்லாம் பெட்டிக்குப் பாரம்” என்று மகள் இணையத்தில் ஒரு நீளக் கவுணை வாங்கி வைத்துவிட்டாள். அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாகக் கவுண். முதல் விசேட இரவன்று அறையிலிருந்து லிஃப்ட்வரை நடப்பதற்குள் இரண்டு தடவை விளிம்பை மிதித்துவிட்டார். கழுத்து இறக்கத்தை ஒரு கையால் பொத்திப் பிடித்தபடி நின்றவர், லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே இருந்தவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி அறைக்குப் போய்விட்டார். அதிபருக்கும் தனியாகப் போக மனம் வரவில்லை. மூன்று துண்டுக் கோட்டோடு கட்டிலின் ஓரத்தில் இருந்து, அறைக்கு வரவழைத்த சான்ட்விச்சைச் சாப்பிட்டிருக்கிறார். சிங்கி இறால் போன்ற விலை கூடிய சாப்பாட்டைப் பல கப்பல்கள் அந்த இரவுக்கென்றே ஒதுக்கி வைக்கும். காசு முன்கூட்டியே கட்டியாயிற்று. சாப்பாடு மண்டபத்தில், இவர்கள் அறையில். இரண்டாவது விசேட இரவிலும் அதே கதை. கட்டுவதற்குப் பெட்டியில் ஒரு பட்டுச் சேலை இருந்தால்தானே!

இதில் அநியாயம் என்னவென்றால், யாரும் அவர்களிடம் கோட்டும் கவுணும் கேட்கவே இல்லை. உடுப்பு விடயத்தில் மிகவும் கண்டிப்பானது என்று பெயரெடுத்த கியூனார்ட் நிறுவனமே, விசேட இரவுகளில் ஆண்கள் அணியத்தக்கவை என்று கறுப்பு டின்னர் கோட், கடும் நிற சூட் ஆகியவற்றோடு அவரவர் தேசிய உடையையும் சேர்த்தே சொல்கிறது. இந்த இரவுகளில் ஸ்கொட்லாந்துக்காரர் கில்ட் கட்டி முழங்கால் தெரிய வருவார். பிலிப்பைன்ஸ்காரர் மெல்லிய பரோங் சட்டையோடு வருவார். நைஜீரியக் குடும்பங்கள் அங்கியும் தலைப்பாகையுமாக வந்தால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். முழங்கால் தெரிகிறவருக்கு இல்லாத கூச்சம், கரண்டைவரை வேட்டி கட்டுகிற நமக்கு எங்கிருந்து வருகிறது? பட்டுச் சேலையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எந்தக் கப்பலின் எந்த இரவுக்கும் அது போதும், மிஞ்சும்.

வாசலில் நிற்பவனின் கண் எதைத் தேடும் என்று சொல்கிறேன். அரைக் காற்சட்டை, கையில்லாத பனியன், விளையாட்டுத் தொப்பி, நீச்சலுடுப்பு, இறப்பர் செருப்பு, கிழிந்த ஜீன்ஸ். இவைதான். உங்கள் கோட் எந்த ஊரில் தைத்தது என்று அவன் பார்ப்பதில்லை. கோட் இருக்கிறதா என்றுகூடப் பெரும்பாலான கப்பல்களில் பார்ப்பதில்லை. (தொப்பி என்றது வெயிலுக்குப் போடும் தொப்பியை. காத்தான்குடி நண்பர் ஒருவர் தொழுகைத் தொப்பியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார். வேண்டியதில்லை.)

அதற்காக வீட்டில் கட்டுகிற வேட்டியோடு போய்விடாதீர்கள். கரை வைத்த பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, மூடிய தோல் பாதணி. இடுப்பில் பெல்ட் கட்டாயம். மேல்தளத்துக் காற்று நம்முடைய வாடைக்காற்றைவிடப் பொல்லாதது. படியேறும்போது பழக்கதோஷத்தில் மடித்துக் கட்டிவிடக்கூடாது. சட்டையில் பை இருக்கட்டும். அறைக்குத் திறப்பும் கடைக்குக் காசும் கப்பலுக்குள் திரும்பி ஏற அடையாளமும் எல்லாம் ஒரே அட்டைதான். பையில்லாத பட்டுச் சட்டையோடு போனவர்கள் அந்த அட்டையை மேசைத் துணிக்கடியில் வைத்துவிட்டு நள்ளிரவில் தேடி வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, எல்லாக் கப்பலும் ஒன்றல்ல. கார்னிவல் கப்பல்களில் ஐந்து நாள்வரையான பயணத்துக்கு விசேட இரவு ஒன்றுதான். அதற்கு மேல் போனால் இரண்டு. நோர்வீஜியன் கப்பல்களில் கட்டாயம் என்ற பேச்சே இல்லை. எந்தக் கப்பலாக இருந்தாலும், உடுத்திக்கொள்ள விருப்பமில்லாதவர்களுக்கு பஃபே மண்டபம் திறந்திருக்கும். ஆகவே முதலில் பிள்ளையிடம் கப்பல் நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். அதன் உடுப்பு விதி ஒரு பக்கத்துக்கு மேல் இருக்காது, படித்துப் பாருங்கள். தையல்கடை அதற்குப் பிறகு. பொருந்துகிற கோட் ஒன்று ஏற்கெனவே அலுமாரியில் தொங்கினால் தாராளமாகக் கொண்டுபோங்கள். புதிதாகத் தைக்காதீர்கள் என்பதுதான் என் சண்டை.

விசேடமில்லாத இரவுகளுக்கு ஆண்களுக்கு நீளக் காற்சட்டையும் கொலர் வைத்த சட்டையும் போதும். பெண்களுக்கு மருதமுனை நெசவுச் சேலையைப் போல வசதியானது வேறில்லை. அந்த அம்மா அதில் நாலைக் கொண்டுபோயிருந்தால் அந்த வாரம் அறைக்குள் அடைபட்டிருக்க மாட்டார்.

முதல் நாள் பெட்டி

துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அது கதிர்ப்படச் சோதனைக்குப் போய், ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு பிரிபட்டு, உங்கள் அறை வாசலுக்கு வர மாலை ஆகலாம், இரவும் ஆகலாம். முதல் இரவுச் சாப்பாட்டுக்கான உடுப்பு, மருந்து, பேரப்பிள்ளையின் நீச்சலுடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பயணக்களை தீராத உடுப்போடு முதல் நாள் மேசைக்கு வந்து, வெட்கத்தில் இனிப்பு வருமுன்பே எழுந்துபோனவர்கள் ஏராளம். கடவுச்சீட்டைப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, ஏறும் வரிசையில் விழிப்பவர்கள் வேறு.

அயன்பெட்டியும் கற்பூரமும்

கொண்டுபோகாதீர்கள், எடுத்துவிடுவார்கள். கப்பலில் தீயைப்போல அஞ்சப்படுவது வேறெதுவும் இல்லை. சாம்பிராணியும் விளக்கும் அதே கணக்கில்தான். சாமி படத்துக்குப் பூ வையுங்கள், போதும். கியூனார்ட், பிரின்சஸ் கப்பல்களில் பயணிகளே துவைத்து அயன் செய்ய ஓர் அறை இருக்கிறது. றோயல் கரிபியனில் அது கிடையாது, காசு கொடுத்துத்தான் செய்விக்க வேண்டும். பட்டை மடிக்காமல் பழைய பருத்தித் துணியோடு சுருட்டி வைத்தால் அயனுக்கு வேலை குறையும்.

நகை

தாலிக்கொடியும் தோடும். அவ்வளவுதான்.

சாரம்

அறைக்குள் மட்டும்.

நீச்சல் குளத்தில் சட்டை

நீச்சலுக்கென்று செய்த துணியோடுதான் இறங்கலாம். பருத்திச் சட்டை, சுடிதார், வீட்டுச் சட்டை எதுவானாலும் குளக்காவலர் விசிலடிப்பார். உடம்பை மூட விரும்புகிறவர்களுக்கு முழு நீள நீச்சலுடுப்பு கடைகளில் இருக்கிறது. ஊரிலேயே வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நுவரெலியா ஸ்வெட்டர்

வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இதையே செய்கிறார்கள். நுவரெலியாவுக்கு வாங்கிய ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை, குளிருக்கு ஆயத்தமாம். அலாஸ்காவில் குளிரைவிட மழைதான் ஆளைக் கொல்லும். கெச்சிக்கன் என்ற துறைமுகத்தில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மட்டக்களப்பு மழையில் ஏறத்தாழ இரு மடங்கு. கம்பளி ஸ்வெட்டர் நனைந்தால் பாரம், ஜீன்ஸ் நனைந்தால் மறுநாளும் காயாது. தண்ணீர் உள்ளே போகாத மேற்சட்டை ஒன்று, அதற்குள் மெல்லிய உடுப்புகள் இரண்டு மூன்று அடுக்கு, நனையாத சப்பாத்து. குடை வேண்டாம், கப்பல் தளத்தில் காற்று அதைப் பூப்போல மலர்த்திவிடும். இந்த மேற்சட்டையை ஊரில் தேடி அலையாதீர்கள். கனடாவில் பிள்ளை வீட்டில் கட்டாயம் ஒன்று மேலதிகமாக இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பக் கடலுக்குப் போகிறவர்களுக்கும் சால்வை வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும். உணவு மண்டபமும் நாடக அரங்கும் குளிரூட்டியில் விறைத்துக்கிடக்கும்.

இராணுவப் புள்ளி உடுப்பு

நம்முடைய ஊரில் வளர்ந்தவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்த நிறத் துணியைக் காசு கொடுத்து வாங்க நமக்கு மனமே வராது. ரொறன்ரோவில் பிறந்த பேரனுக்கு அது வெறும் நாகரிகம். பார்படோஸ், யமேக்கா, ட்ரினிடாட் போன்ற கரீபியன் நாடுகளில் பொதுமக்கள் அந்த உடுப்பை அணிவது சட்டப்படி குற்றம். குழந்தையின் காற்சட்டையானாலும் சரி, முதுகுப்பையானாலும் சரி. பேரனின் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

வழிபாட்டு இடங்கள்

ரோமுக்குப் போகிற கப்பல்கள் சிவிட்டாவெக்கியாத் துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்துக்குப் போவதென்றால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். அபுதாபியில் ஷேக் சயீத் பெரிய பள்ளிவாசலுக்குள் பெண்கள் தலைமுடியை மறைக்க வேண்டும். கை மணிக்கட்டுவரை, கால் கரண்டைவரை மூடியிருக்க வேண்டும். அரைக்கை ரவிக்கையும் சேலையும் அங்கே எடுபடாது. அந்த ஒரு நாளுக்கு நீளக்கைச் சல்வாரும் தலைக்குத் துணியும் வைத்துக்கொள்ளுங்கள். மாமாங்கக் கோயிலுக்குள் சட்டையைக் கழற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இன்னோர் இடத்து முறையை நான் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளை உடுப்பு இரவு

சில கப்பல்களில் ஓர் இரவு எல்லாரும் வெள்ளை உடுத்தி ஆடுவார்கள். நம்முடைய அம்மாமார் இதற்கு ஒருபோதும் சம்மதிக்க மாட்டார்கள். மரண வீட்டு உடுப்போடு பாட்டும் கூத்துமா என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வற்புறுத்தாதீர்கள். அகலமான சிவப்புக் கரை வைத்த சந்தன நிறச் சேலை கட்டினால் யாரும் கணக்கெடுக்கப்போவதில்லை. வராமல் படுத்தாலும் குறைவில்லை.

கடைசி இரவு

இறங்குவதற்கு முந்தின இரவு பெரிய பெட்டியை அட்டை கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். நள்ளிரவுக்குள் அது போய்விடும். பிறகு துறைமுகக் கொட்டகையில்தான் காணலாம். ஒழுங்கான மனிதர்கள்தான் இதில் மாட்டுவார்கள்: ஒன்றும் விடுபடக்கூடாது என்று எல்லாவற்றையும் மடித்து, அடுக்கி, பூட்டி, வெளியே வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவார்கள். காலையில் பார்த்தால் உடம்பில் சாரமும் பனியனும் மட்டும். ஒரு பெரியவர் அப்படியே கப்பலின் நினைவுப்பொருள் கடைக்கு ஓடி வந்தார். இறங்கும் நாள் காலையில் அந்தக் கடை திறப்பதில்லை. கடைசியில் மேசைப் பணியாளர் ஒருவர் தன் காற்சட்டையைக் கொடுத்தார். இடுப்பில் நாலு அங்குலம் குறைவு.

பெட்டியைப் பூட்டுமுன் கட்டிலின் மேல் தனியாக எடுத்து வையுங்கள்: காற்சட்டை அல்லது சேலை, ரவிக்கை, பாவாடை, சட்டை, உள்ளுடுப்பு, சப்பாத்து, மருந்து, கடவுச்சீட்டு. பாவாடையை மறக்கிறவர்கள்தான் அதிகம்.