பரிசளிக்க ஒரு குட்டி இழுப்பறைப் பெட்டி

நான் முதன்முதலில் செய்த பெட்டியில் நடு இழுப்பறை உள்ளே போனது, திரும்பி வரவில்லை. காகிதக் கணக்கை நம்பி எல்லாத் துண்டுகளையும் ஒரே நாளில் அறுத்து வைத்ததன் பலன். 12 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் பல நேரம் 12 இருக்காது, அரை மி.மீ. குறைந்தாலும் கணக்கு புரண்டுவிடும். அதனால் இங்கே எனக்கு ஒரே பிடிவாதம்: முதலில் கூடு, அதாவது இழுப்பறைகள் நுழையும் வெளிப்பெட்டி. அது ஒட்டிக் காய்ந்த பிறகுதான் இழுப்பறைக்கு ரம்பத்தைத் தொட வேண்டும்.

ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இழுப்பறை, மேசைமேல் வைக்கும் அளவுதான்: அகலம் 250 மி.மீ., உயரம் 300, ஆழம் 200. கூட்டுக்கு 12 மி.மீ. பிளைவுட், இழுப்பறைச் சுவருக்கு 9, முதுகுக்கும் இழுப்பறை அடிக்கும் 4. மரப்பசை, மெல்லிய ஆணி, மூலைமட்டம், 120, 220 எண் உப்புத்தாள், மூன்று குமிழ்.

படி 1: கூடு

பக்கப் பலகை இரண்டு, 300 × 200. குறுக்குப் பலகை நான்கு, 226 × 200. அறுக்கும் கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஓரம் அதிகம் சிலும்பாது.

நான்கு பலகையின் தடிமன் 48 போனால் 252 மிஞ்சும்; அறைக்கு 84. இதை ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொண்டிருக்க வேண்டாம். கழிவு மரத்தில் சரியாக 84 மி.மீ. உயரத்துக்கு இரண்டு கட்டை அறுங்கள். அடிப்பலகையை ஒட்டி, அதன்மேல் இடமும் வலமும் கட்டையை நிறுத்தி, அடுத்த பலகையை அதன்மேல் உட்காரவைத்து ஒட்டுங்கள். அப்புறம் கட்டையை உருவி மேல் அறைக்கு. தட்டு சாயவே சாயாது.

பக்கவாட்டில் ஆணி அடிக்கும் முன் சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிளைவுட் பிளக்கும். வழியும் பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். காய்ந்த பசைமேல் வார்னிஷ் திட்டுத் திட்டாகத் தெரியும்.

படி 2: மூலை பார்த்தல்

பசை ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கவும். இரண்டும் சமமாக, ஏறக்குறைய 390 வர வேண்டும். ஒன்று கூடினால் அந்த மூலைகளை லேசாக அழுத்தினால் சரியாகும். உடனே 250 × 300 முதுகுப் பலகையை ஒட்டி ஆணி அடித்துவிடுங்கள். கூட்டை நேராகப் பிடித்து வைப்பது அதுதான். ஒரு இரவு விடுங்கள்.

படி 3: இழுப்பறை

ஒவ்வொரு அறையையும் தனித்தனியாக அளங்கள். அகலத்திலும் உயரத்திலும் 2 மி.மீ. குறையுங்கள். அறை 226 × 84 என்றால் இழுப்பறை 224 × 82. அடித்தகடு 4 போக, சுவர் உயரம் 78. பக்கச் சுவர் 198 நீளம். முன், பின் சுவர்கள் அவற்றுக்கு நடுவே, 206. இப்படி வைத்தால் ஆணித்தலை பக்கவாட்டில் மறைந்துவிடும், குமிழைப் பிடித்து இழுத்தாலும் முன்சுவர் கழன்று வராது. அடித்தகடு 224 × 198, கீழிருந்து ஒட்டுங்கள்.

எது எந்த அறைக்கு என்று பின்பக்கம் பென்சிலில் எண் போடுங்கள். இடித்தால் இடிக்கும் இடத்தை மட்டும் தேயுங்கள்.

படி 4: மெருகு

120, பிறகு 220. வெளிப்புறத்துக்கும் இழுப்பறை முகத்துக்கும் மட்டும் வார்னிஷ். உரசும் பக்கங்களில் பூசினால் பாடுபட்டு விட்ட இடைவெளி போய்விடும். அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். இழுப்பறைகளை வெளியே எடுத்து வைத்தே காயவிடுங்கள். வாசனை போக இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் பரிசுத்தாள் சுற்ற வேண்டாம்.