காளைக்குக் கழுத்துப் பட்டை தைக்க: குத்தூசியும் மற்ற கைக்கருவிகளும்

இரண்டு அங்குல அகலம், இரட்டைத் தோல், மணி தொங்க ஒரு பித்தளை வளையம், ஓரம் முழுக்கக் கைத்தையல். காங்கேயம் காளைக்குக் கழுத்துப் பட்டை என்றால் இவ்வளவுதான். பிறைக் கத்தி, சீவும் கத்தி, குத்தூசி, முனை மழுங்கிய இரண்டு ஊசி, கவராயம், துளை போடும் பஞ்ச், மரச்சுத்தி, தோலைப் பிடித்து நிறுத்த ஒரு கிட்டி இருந்தால் போதும். முப்பது உருப்படியை அடைத்து விற்கும் பெட்டி வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல குத்தூசி ஒன்று வாங்கலாம்.

இந்தக் கருவிகள் அதிகம் மாறவே இல்லை. ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய மனிதனின் இடுப்புப் பையில் எலும்புக் குத்தூசி இருந்தது. எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன், தோல் வேலைக்காரர்கள் பிறைக் கத்தியோடு நிற்கிறார்கள். கொங்கில் இந்தக் கைவேலையைத் தலைமுறையாகச் சுமந்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலை ஓடிய காலத்தில், நீர் மொள்ளும் சாலுக்குத் தோல் வால் தைத்ததும், கிழிந்ததைக் கிணற்றடியிலேயே உட்கார்ந்து ஒட்டுப் போட்டதும் அவர்கள்தான். மின்மோட்டார் வந்ததும் கவலை போயிற்று, அந்த வேலையும் போயிற்று.

தோல்தான் முதல் முடிவு. ஆவாரம் பட்டையிலோ வாட்டில் மரப் பட்டையிலோ பதனிட்ட தோலாக, முதுகுப் பகுதியாக, 4 மி.மீ. கனத்தில் கேளுங்கள். வயிற்றுப் பகுதி இழுபடும். ஒரு மழைக்காலம் போனால் பட்டை தொங்கும். வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: உள்ளேயும் பழுப்பாக இருந்தால் மரப்பட்டையில் பதனிட்ட தோல், நடுவில் நீலச் சாம்பல் ஓடினால் குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல். குரோம் தண்ணீருக்குத் தாங்கும். ஆனால் இழுபடும், விளிம்பும் தேய்த்து மெருகேறாது.

பிறைக் கத்தியை இழுக்காமல் உருட்டி வெட்டுங்கள். வளையத்தைச் சுற்றித் தோல் மடியும் இடத்தில் ஓர் அங்குல நீளத்துக்கு 4 மி.மீ. கனத்தைப் பாதியாகச் சீவ வேண்டும். சதைப்பக்கம் மேலே இருக்கும்படி வழவழப்பான கருங்கல் மேல் வைத்து, ஈரத்துணியால் லேசாக ஒற்றி, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்துச் சீவுங்கள். ஒரே மூச்சில் ஆழமாகப் போனால் ஓட்டைதான். பஞ்ச் அடிக்கும்போது மட்டும் கல் வேண்டாம், வாய் மடங்கிவிடும். அடியில் புளியங்கட்டை வையுங்கள், மரத்தைக் குறுக்கே அறுத்த முகம் மேலே பார்க்க. பக்கிள் முள்ளுக்கான நீள்துளைக்கு இரு முனையிலும் 5 மி.மீ. வட்டம் அடித்துவிட்டு நடுவை வெட்டுங்கள். வெறும் கீறலாக விட்டால் முனையிலிருந்து கிழியும்.

இரண்டு தோலையும் செருப்புக் கடைகளில் சொல்யூஷன் என்கிற ரப்பர் பசையால் ஒட்டுங்கள். இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். கவராயத்தால் விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளிக் கோடு இழுத்து, அதே 4 மி.மீ. இடைவெளியில் புள்ளி வையுங்கள். அங்குலத்துக்கு ஆறு தையல் வரும்.

இனிக் குத்தூசி. அதன் குறுக்குவெட்டு வட்டமாக இருக்கக் கூடாது, சாய்சதுரமாக இருக்க வேண்டும். வட்ட ஊசி நாரை ஒதுக்கித் தள்ளும், தையல் கோணலாக உட்காரும். சாய்சதுர ஊசி சிறு கீறலாக வெட்டும், நூல் போனதும் கீறல் மூடிக்கொள்ளும். கடையிலிருந்து வரும்போது அதற்குக் கூர் இருக்காது. கண்ணாடி மேல் 400, பிறகு 1000 நம்பர் தண்ணீர்ப் பேப்பரில் நான்கு முகத்தையும் தட்டையாகத் தேய்த்து, தோல் துண்டில் கத்திக்கு மெருகேற்றும் பச்சைப் பாலிஷ் தடவி இழுங்கள். 4 மி.மீ. தோலில் சுத்தி இல்லாமல் கை அழுத்தத்திலேயே இறங்கினால் சரி. முனையைத் தேன்மெழுகில் குத்தி எடுத்தால் இன்னும் லேசு.

குத்தும்போது சாய்சதுரத்தின் நீண்ட மூலைவிட்டம் கோட்டுக்கு 45 பாகை சாய்ந்திருக்கட்டும், கடைசித் துளைவரை அதே சாய்வில். கோட்டின் போக்கிலேயே திருப்பினால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தபால்தலை ஓரம் போலக் கிழியும். குத்தூசியைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடிப்பது அதைவிட முக்கியம். 8 மி.மீ. கனத்தில் 10 பாகை சாய்ந்தாலே பின்பக்கத் துளை கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. விலகும். முன்பக்கம் அழகாக இருந்தும் பின்பக்கத் தையல் பாம்பாக நெளிவது இதனால்தான்.

தைக்கும் நீளத்தின் நாலு மடங்கு நூல் போதும் என்பார்கள். அந்தக் கணக்கு மொத்தம் 4 மி.மீ. கனத்துக்குத்தான். இங்கே கனம் 8, இடைவெளி 4. ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு நூல் முனையும் தலா 12 மி.மீ. தின்னும், ஆக 24. அதாவது ஆறு மடங்கு. ஓர் அடித் தையலுக்கு ஆறடியும், ஊசிக்குக் கைப்பிடியாக ஒன்றரை அடியும் எடுங்கள். 0.8 மி.மீ. நூலைத் தேன்மெழுகில் மூன்று தரம் இழுத்தால் பிடிமானமும் வரும், ஈரமும் ஏறாது.

ஒரே நூல், இரு முனையிலும் ஊசி. குத்தூசியை எடுத்ததும் இடக்கை ஊசி முதலில் வரட்டும். அதன் நூலைச் சற்று பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே வலக்கை ஊசியை அதே துளையில் விடுங்கள். முதல் நூல் தடையில்லாமல் ஆடினால், இரண்டாவது ஊசி அதைக் குத்தவில்லை என்று அர்த்தம். இந்த வரிசையை நடுவில் மாற்றினால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். முடிவில் மூன்று துளை திரும்பித் தைத்து வெட்டுங்கள். தெருவோரத்தில் கொக்கி ஊசியால் போடும் தையல் வேகமானது, செருப்புக்குப் போதும். ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் தளரும். இரட்டை ஊசித் தையலில் ஒரு நூல் போனாலும் மற்றது பிடித்திருக்கும்.

ஈரத் தோலில் இரும்பு ஊசியைக் குத்தி விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தோலில் ஏறிய மரப்பட்டைச் சாற்றின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருங்கறை விழும். வளையமும் பக்கிளும் பித்தளையாகவே இருக்கட்டும் என்பதும் இதற்காகத்தான். விழுந்த கறையை எலுமிச்சைச் சாறு ஓரளவு வெளுக்கும், முழுக்கப் போகாது.