தொடர் விடுமுறையா? முதலில் திரும்பி வரும் டிக்கெட்டைப் போடுங்கள்

சென்னையில் இருக்கிறவர்கள் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் செய்கிற முதல் தப்பு, போகிற டிக்கெட்டைப் போட்டுவிட்டு "வர்றதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது. வெள்ளிக்கிழமை லீவு என்றால் ஊருக்குப் போகிற கூட்டம் புதன் இரவு, வியாழன் மாலை, வியாழன் இரவு, வெள்ளி காலை என்று பிரிந்து போகும். திரும்பி வருகிறவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒரே ஒரு இரவு, ஞாயிறு இரவு. ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் பஸ்ஸிலும் காரிலுமாக பரனூர் சுங்கச்சாவடியில் வரிசை கட்டி நிற்பார்கள். அதனால் திரும்புகிற டிக்கெட்டைப் பிடிப்பதுதான் முதல் வேலை, போவதற்கு எப்படியும் ஒரு வழி கிடைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2026 அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமை வருகிறது. முன்பதிவு இப்போது 60 நாள்தான் (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது, அந்தப் பழக்கத்தில் இன்னும் சிலர் நாலு மாதம் முன்னாடியே தேடிக்கொண்டிருக்கிறார்கள்). அப்படியானால் வியாழன் அக்டோபர் 1 இரவு ரயிலுக்கு ஆகஸ்ட் 2 காலை 8 மணிக்குத் திறக்கும், அது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு அக்டோபர் 4 இரவு திரும்புவதற்கு ஆகஸ்ட் 5, புதன். இந்த இரண்டு தேதியையும் இன்றைக்கே போனில் 7:45-க்கு அலாரமாக வைத்துவிடுங்கள். காலாண்டு லீவும் வழக்கமாக அந்த வாக்கில்தான் வரும் என்பதால் குழந்தைகள் இருக்கிற வீடுகள் எல்லாம் அதே எட்டு மணிக்கு உட்கார்ந்திருக்கும்.

எட்டு மணிக்கு உட்காருவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முடித்துவிட வேண்டும், முடிக்காத கணக்கை வைத்துக்கொண்டு முன்பதிவு திறக்கிற நிமிஷத்தில் வேடிக்கைதான் பார்க்கலாம், தட்கலுக்கும் அதே கதி. வருகிறவர்களின் பெயர், வயது எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டியலில் சேமித்து வையுங்கள், 8:01-க்கு "அத்தைக்கு என்ன வயசு?" என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம். ஆனால் அம்மா அப்பாவுக்குக் கீழ் படுக்கை வேண்டும் என்றால் அவர்களைத் தனி டிக்கெட்டாகப் போடுவது நல்லது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதுக்கு மேல் என்றால் கீழ் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, அவர்கள் மட்டும் ஒருவராகவோ இருவராகவோ போகும் டிக்கெட்டுக்குத்தான் அது. பேரப்பிள்ளைகளையும் சேர்த்து ஆறு பேராகப் போட்டுவிட்டு, அப்புறம் ரயிலில் ஏறி எதிர் சீட்டுக்காரரிடம் கெஞ்சுகிற காட்சியை எல்லோரும் பார்த்திருப்போம்.

ஞாயிறு இரவு கிடைக்கவில்லையா, ஞாயிறு பகலைப் பாருங்கள். படுத்துக்கொண்டுதான் வருவேன் என்று அடம்பிடிப்பதால்தான் பலருக்கு டிக்கெட் கிடைப்பதில்லை. மதுரையிலிருந்து வைகை, காரைக்குடியிலிருந்து பல்லவன், திருநெல்வேலியிலிருந்து வந்தே பாரத், இந்த மூன்றும் காலையில் கிளம்பி மதியத்துக்கெல்லாம் எழும்பூர் வந்து சேரும். அரை நாள் லீவு போகும்தான். ஆனால் ஞாயிறு சாயங்காலம் வீட்டில் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு, ராத்திரி சொந்தக் கட்டிலில் தூங்கி எழுந்து திங்கட்கிழமை ஆபீஸ் போகலாம். நான் இரண்டு வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், வீட்டில் முதல் தடவை முணுமுணுத்தார்கள், இப்போது அவர்களே கேட்கிறார்கள்.

நடுவில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். விருத்தாசலம், அரியலூர் மாதிரி வழியில் ஏறுகிறவர்களுக்கு ஒதுக்கப்படும் இடம் குறைவு, வெயிட்டிங் லிஸ்டும் லேசில் நகராது. ரயில் கிளம்புகிற ஊரிலிருந்தே டிக்கெட் போட்டு, ஏறும் ஸ்டேஷனை மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் கூடுதல் காசுதான், ஆனால் கன்ஃபார்ம் ஆகும் வாய்ப்பு அதிகம். டிக்கெட் போடும்போதே மாற்றிவிடுங்கள், கடைசி நேரத்தில் வேண்டாம்.

நள்ளிரவு ரயில்களில் மட்டும் தேதியை இரண்டு தடவை பாருங்கள். ஒருமுறை திருச்சியில் 12:20-க்கு ஏற வேண்டிய வண்டிக்கு "ஞாயிறு ராத்திரிதானே" என்று நான் ஞாயிற்றுக்கிழமை தேதியிலேயே டிக்கெட் போட்டுவிட்டேன். அப்பா, அம்மா, இரண்டு பை, ஒரு மூட்டை அரிசி சகிதம் பெட்டியில் ஏறினால் எங்கள் சீட்டில் ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. டிடிஇ டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாக, "சார், இந்த வண்டி நேத்தே போயிடுச்சு" என்றார். 12 மணி தாண்டினால் அது திங்கட்கிழமை. அப்பா இன்றைக்கும் எந்த டிக்கெட் போட்டாலும், "நேத்து வண்டியா இன்னிக்கு வண்டியா?" என்றுதான் கேட்கிறார்.

வெயிட்டிங் லிஸ்டில் தொங்குகிறவர்கள்: ஆர்ஏசி என்றால் ஏறலாம், பாதி சீட்டாவது உண்டு. ஆன்லைனில் போட்ட டிக்கெட், சார்ட் (யாருக்கு எந்த இடம் என்கிற கடைசிப் பட்டியல்) போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங்கிலேயே நின்றால் அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். தட்கல் முந்தைய நாள், ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. கன்ஃபார்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் காசு வராது என்பதால் அதை முடிவெடுத்த பிறகு போடுங்கள். இன்னொன்று, கூட்டம் அதிகமானால் தெற்கு ரயில்வே சிறப்பு ரயில் அறிவிக்கும். எண் 0-வில் தொடங்கினால் அது சிறப்பு ரயில். கட்டணம் கூடுதல், நேரத்துக்கு வரும் என்று நம்பி அடுத்த வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் மற்றதெல்லாம் நிரம்பிய பிறகும் இதில் இடம் இருக்கும்.

கிளம்புகிற அன்று எந்த ஸ்டேஷன் என்று பாருங்கள். தென் மாவட்டம் என்றாலே எழும்பூர் என்று கண்ணை மூடிக்கொண்டு போகிற காலம் இல்லை. பல வண்டிகள் தாம்பரத்திலிருந்தே கிளம்புகின்றன, எழும்பூரில் மறுசீரமைப்பு வேலைக்காகச் சிலவற்றை அவ்வப்போது மாற்றவும் செய்கிறார்கள். கோவை, சேலம் பக்கம் சென்ட்ரல். பஸ் என்றால் தெற்கே போகிறவை கிளாம்பாக்கம், காஞ்சிபுரம், வேலூர் பக்கம் போகிறவர்கள் எந்த நிலையம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சரி, டிக்கெட்டே கிடைக்கவில்லை, அல்லது ஊருக்குப் போக மனசில்லை. புறநகர் ரயிலை வைத்தே மூன்று நாளையும் நன்றாகக் கழிக்கலாம். எனக்குப் பிடித்தது காஞ்சிபுரம். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாக நேராகவே ரயில் போகிறது, ஆனால் நாளுக்குச் சிலதான். அதனால் காலையில் போகிறதைப் பிடியுங்கள், விட்டுவிட்டால் செங்கல்பட்டு வரை போய் பஸ் ஏறுங்கள். ஒரு வாரம் முன்பே டிக்கெட் போட வேண்டிய தொல்லை இல்லை, போனிலேயே முன்பதிவில்லா டிக்கெட் எடுத்துவிடலாம். செங்கல்பட்டு தாண்டினதும் கூட்டம் இறங்கி ஜன்னல் சீட் கிடைக்கும், இரண்டு பக்கமும் ஏரியும் வயலுமாக வரும். கொய்யாப்பழக் கூடையோடு யாராவது ஏறுவார்கள், உப்பு மிளகாய்த்தூள் போட்டு நாலாகக் கீறித் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே செய்கிற பெரிய தப்பு 11 மணிக்குப் போய் இறங்குவது. 12, 12:30 வாக்கில் கோயில்களைச் சாத்திவிட்டு 4 மணிக்குத்தான் திறப்பார்கள், நடு வெயிலில் பட்டுப்புடவைக் கடைகளிடம் மாட்டிக்கொள்வீர்கள், அது பர்ஸுக்கு நல்லதில்லை. முதலில் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள், எட்டாம் நூற்றாண்டு, ராஜசிம்ம பல்லவன் கட்டியது. விடுமுறை நாளில்கூட மற்ற கோயில்கள் அளவுக்குக் கூட்டம் இருக்காது. உள்சுற்றில் மதிலோடு வரிசையாக இருக்கும் சின்னச் சின்னச் சன்னதிகளுக்குள் குனிந்து பாருங்கள், சிலவற்றில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம், ஒரு கண், ஒரு கிரீடத்தின் விளிம்பு, கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் வரதராஜர், ஏகாம்பரநாதர். 12 மணிக்குள் முடித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் சாயங்காலக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம்.

வடக்கே போனால் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரியில் இறங்கி பஸ். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கும், குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டு வேறெதையும் பேச மாட்டார்கள். அங்கே யாராவது படகில் கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த ஏரி அது.

அக்டோபரில் வேடந்தாங்கல் வேண்டாம், பறவைகள் வருவது நவம்பர் வாக்கில் மழை ஆரம்பித்த பிறகு. மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது, ஈசிஆரில் விடுமுறை நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும், நான் அதை ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வைத்துக்கொள்வேன். கிரிவலம் போகிறவர்களுக்கு பீச்சிலிருந்து சாயங்காலம் 6 மணி வாக்கில் கிளம்பி வேலூர் வழியாக நள்ளிரவில் திருவண்ணாமலை போகும் வண்டி 2024 மே முதல் இருக்கிறது, விடிகாலை 4 மணி வாக்கில் திரும்பும், நடந்து முடிக்க நேரம் சரியாக இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். அரசு விடுமுறை நாட்களில் புறநகர் ரயில்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படிதான் ஓடும், அதாவது வண்டி குறைவு. பராமரிப்புப் பணி என்று வார இறுதியில் சில வண்டிகளை ரத்தும் செய்வார்கள். முந்தைய இரவே செய்தியைப் பார்த்துவிடுங்கள். பீச் செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரலில் விட்ட ஏசி வண்டி வந்து நின்றால், கதவு திறந்திருக்கிறதே என்று சாதா டிக்கெட்டோடு ஏறிவிடாதீர்கள், அதற்குத் தனி டிக்கெட். திரும்பும்போது தாம்பரம் பக்கம் வருகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை, காலையில் போய் இறங்கின உடனேயே, ஸ்டேஷன் போர்டிலிருந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.